சத்தம் கேட்டு வந்த பிள்ளை

பல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை அவளுக்கு. இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடுகிறதே என்று, பழைய வண்டிக் கடையில் ஒரு நூறு சிசி ஸ்கூட்டர் வாங்கினாள். பெட்ரோலை மோந்து பார்த்துவிட்டே ஓடும் என்றார் கடைக்காரர். சைலன்சரில் மட்டும் ஒரு கரகரப்பு, தொண்டை கட்டியவர் எதையோ சொல்ல வருவதுபோல.

"ஓட்டத்துக்கு ஒண்ணும் குறையில்லக்கா. பழகிடும்," என்றார் மெக்கானிக்.

பழகியும்விட்டது. மூன்றாம் நாள் காலை, தண்ணீர்த் தொட்டித் தெருவில் ஒரு வீட்டுக் கம்பிக் கேட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்குழந்தை நின்றது. ஐந்து வயதிருக்கும். பள்ளிச் சீருடை, ஒரு காலில் மட்டும் ஷூ. வண்டி தெருமுனை தாண்டும்வரை வைத்த கண் வாங்காமல் பார்த்தது. கையசைக்கவில்லை, சிரிக்கவில்லை. மறுநாளும் நின்றது. அதற்கடுத்த நாள் அதன் உதடுகள் அசைந்தன. அன்று அவள் ஒருவருக்குப் படம் எடுக்கும்போது, "மேடம், வலி இந்தப் பக்கம்," என்று அவரே சொல்ல வேண்டியதாயிற்று.

திங்கட்கிழமை அந்த வீட்டு வாசலில் ஒருவர் கைகாட்டி வண்டியை நிறுத்தினார்.

"மன்னிச்சுக்கங்க. இது என் மனைவி ஓட்டின வண்டி."

"ஓட்டினதுன்னா..."

"தவறிட்டா. நாலு மாசமாச்சு. வண்டியில இல்ல, காய்ச்சல். மூணே நாள்ல. இந்தச் சத்தம் இனி இங்க கேக்கவே கூடாதுன்னுதான் எட்டாத தூரத்துக் கடையில வித்தேன்."

"பாப்பாகிட்ட சொல்லலையா?"

"சொன்னேன். தலையாட்டினா. இப்ப என்னடான்னா, அம்மா தினமும் வேலைக்குப் போறாங்க, நிக்கத்தான் நேரமில்லங்கறா." அவர் தரையைப் பார்த்தபடி கேட்டார். "வேற வழியா போக முடியுமா?"

சந்தை ரோடு வழியாகச் சுற்றிப் போனாள். அங்கேயும் முதுகை யாரோ பார்ப்பதுபோலவே இருந்தது. எட்டாம் நாள் அவர் வண்டிக் கடையில் விசாரித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார்.

"அம்மாவுக்கு என் மேல கோபமான்னு கேக்கறா. சோறு இறங்கல. ஒரே ஒரு தடவை வாங்க. ஹெல்மெட்டைக் கழட்டி முகத்தைக் காட்டுங்க, போதும்."

"முகத்தைப் பார்த்தா, அம்மாவை ரெண்டாவது தடவை பறிகொடுத்த மாதிரி ஆயிடாதா?"

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலை அந்த வாசலில் வண்டியை அணைத்து, ஹெல்மெட்டைக் கழற்றினாள். குழந்தை நெடுநேரம் பார்த்தது. பிறகு கிட்டே வந்து, பின்சீட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தது.

"நீங்க யாரு?"

"நான் பல்லுக்கு எக்ஸ்ரே எடுக்கறவ, பாப்பா."

"அம்மா எங்க இறங்கினாங்க?"

அப்பா மண்டியிட்டுக் குழந்தையை வாரி அணைத்துக்கொண்டார். நான்கு மாதமாக அழாத பிள்ளை அப்போதுதான் அழுதது. அவரும் அழுதார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவள் ஹெல்மெட் வாரைப் பிடித்தபடி நின்றாள்.

அதன்பின் கேட்டருகே யாரும் நிற்பதில்லை. குழந்தை சாப்பிடுகிறது, பள்ளிக்குப் போகிறது என்று அவர் சொன்னார். பழைய வழியிலேயே வரச் சொல்லிவிட்டார்.

வருகிறாள். ஆனால் தண்ணீர்த் தொட்டித் தெரு வந்ததும் அவள் கை தானாக வேகத்தைக் குறைத்துவிடுகிறது. கண்ணாடியைப் பார்ப்பதில்லை. பின்னால் இருப்பவர் இறங்கிக்கொள்ளட்டும் என்பதுபோல, அந்த வாசலில் ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் போகிறாள்.