பதினைந்து எட்டும் இரண்டு தார்ப்பாயும்

சாருக்கு அனுப்பவேண்டிய செய்தியை அவள் போனில் எழுதிவைத்து இரண்டு நாளாகிவிட்டது. 'சார், எனக்குக் காய்ச்சல். முகாமுக்கு வர முடியாது.' நாளைக் காலை ஒன்பது மணிக்குள் அனுப்பினால் பெயரை எடுத்துவிடுவார். காய்ச்சல் மட்டும்தான் இன்னும் வந்தபாடில்லை.

பள்ளி மலையேற்றக் குழுவில், யார் யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது முதலில் தூக்கிய கை அவளுடையது. கூடாரத்துக்குள் நாலைந்து பேர் நெருக்கியடித்துப் படுப்போம் என்று நினைத்துத் தூக்கிய கை அது. பிறகுதான் சார் விவரம் சொன்னார். கூடாரம் கிடையாது, ஆளுக்கொரு ஹேமக். இரண்டு மரங்களுக்கு நடுவே துணிப் படுக்கையைக் கட்டித் தொங்கவிட்டு, மழைக்காக மேலே ஒரு தார்ப்பாய் விரித்து, தனித்தனியாகத் தூங்கவேண்டும். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவே பதினைந்து எட்டு நடக்கும் தூரம். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அப்பாவுக்கோ கால் தரையில் படவில்லை. அவர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் இருபது நாள் சாலையில் இருப்பவர். மகளுடைய பாடம், சட்டை, தலைவலி எதிலும் அவரிடம் யாரும் யோசனை கேட்டதில்லை. தார்ப்பாய் என்ற சொல் காதில் விழுந்ததும், "அட, இது நம்ம டிபார்ட்மெண்ட் ஆச்சே!" என்று நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

இரவு பதினோரு மணி. நர்ஸ் வேலை பார்க்கும் அம்மா டியூட்டிக்குப் போயிருந்தாள். ஹாலில் இரண்டு தார்ப்பாய்கள் கிடந்தன. ஒன்று கடையில் வாங்கியது. மெல்லிய நைலான், மடித்தால் டிபன் பாக்ஸுக்குள் அடங்கிவிடும். இன்னொன்று, அப்பா தன் லாரித் தார்ப்பாயிலிருந்து வெட்டி, விளிம்பை மடித்துத் தைத்து, வளையம் அடித்து, இரண்டு நாள் மெனக்கெட்டுச் செய்தது. தூக்கினால் தோள்பட்டை கழன்றுவிடும்.

"இத பாரு வாண்டு. கடைக்காரன் குடுத்தது கைக்குட்டை. மூக்கு சிந்தலாம், மழைக்கு ஆகாது."

"அத தூக்கிட்டு மலை ஏறணும்ப்பா. நான் மலை மேல ஏறுறதா, அது என் மேல ஏறுறதா?"

"வாயப் பாரு! வெளில மழை நல்லா பிடிச்சிருக்கு. வா, இப்பவே கட்டிப் பாத்துருவோம். பதினாறு வயசுல தூளில தூங்கப்போற ஆளு நீ ஒருத்திதான்."

வாசலில் லாரி காலியாக நின்றது. பின்பக்கம் ஏறி, கேபினுக்குப் பின்னாலிருந்த கம்பியில் ஒரு முனையும் கடைசித் தூணில் மறு முனையுமாக அப்பா ஹேமக்கைக் கட்டினார். அவள் படுத்தாள். தான் தைத்த பச்சைத் தார்ப்பாயை மேலே போட்டு, லாரியின் இரண்டு பக்கமும் இருந்த கொக்கிகளில் கயிற்றை மாட்டி இழுத்தார். இருபது வருஷக் கை. ஒரு விரல் நுழைய இடமில்லாமல் இறுகிவிட்டது.

"ஒரு சொட்டு இறங்காது. நான் கேபின்ல இருக்கேன். ஏதாவதுன்னா கூப்புடு."

அவருடைய காலடிச் சத்தம் போனதும் மழைச் சத்தம் மட்டும் இருந்தது. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே இருட்டு. சரிவே இல்லாமல் கட்டியதால் தண்ணீர் ஓட வழியில்லை. தார்ப்பாயின் நடுவே தேங்கி, அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி அவள் வயிற்றின்மேல் உட்கார்ந்தது.

"அப்பா."

பதில் இல்லை.

"அப்பா! அப்பா!"

அவள் இரண்டு கையாலும் தார்ப்பாயைக் குத்தினாள். தேங்கிய தண்ணீர் தடாலென்று பக்கவாட்டில் கொட்டியது. கேபின் பக்கக் கண்ணாடியில் அதைப் பார்த்துத்தான் அப்பா ஓடிவந்தார். கயிற்றை அவிழ்த்தபோது அவள் தேம்பிக்கொண்டிருந்தாள்.

"நான் மூட்டை இல்லப்பா!"

"ஐயோ, கூப்புட்டியா? சத்தியமா கேக்கலடா."

"அதான். யாருக்குமே கேக்காது. அதான் எனக்கு பயம்."

மழையில் நனைந்தபடி அவர் லாரித் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவளுக்கும் அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"எனக்குப் பத்து வயசு. அம்மா நைட் டியூட்டி, நீங்க லோடு போயிட்டீங்க. பக்கத்து வீட்டு அத்தை கதவு தட்டினா வரேன்னு சொல்லியிருந்தாங்க. கரண்ட் போயிடுச்சு. இந்த மாதிரி மழை. ஜன்னல்ல நின்னு அத்தை அத்தைன்னு கத்தினேன், தொண்டையே போச்சு. மழைல அவங்களுக்குக் கேக்கல. கதவத் திறக்க பயம். டியூட்டில அம்மா போன் ஆஸ்பத்திரி லாக்கர்ல இருக்கும். வீட்டு போன்லேந்து உங்களுக்கு ஏழு தடவ அடிச்சேன்ப்பா."

"காலைல அம்மா கேட்டப்ப நல்லா தூங்கினேன்னு சொன்னியாமே."

"சொன்னேன். சொன்னா நீங்க வேலைக்குப் போகமாட்டீங்கன்னு நெனச்சேன்."

அப்பா கையிலிருந்த கயிற்றைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார்.

"சிமெண்ட் லோடு அது," என்றார் ஒருவழியாக. "போன் கேபின்ல கெடந்துது. நான் மேல நின்னு தார்ப்பாய் கட்டிட்டு இருந்தேன். ஏழு மிஸ்டு கால் பாத்தேன். தூங்கினியாம்னு அம்மா சொன்னதும், பட்டன வெச்சு வெளையாடியிருக்கும் பொண்ணுன்னு விட்டுட்டேன்." சற்று நிறுத்தி, "ஒரு மூட்டைகூட நனையல," என்றார்.

அவள் ஹேமக்கிலிருந்து கையை நீட்டி அவர் ஈரத் தலையைத் தொட்டாள்.

"போக வேணாம்மா. சார்கிட்ட நானே பேசிடறேன். ஒரு வார்த்தை கேக்கமாட்டாரு."

"போகணும்னு ஆசையாவும் இருக்குப்பா. அதான் வம்பே."

பிறகு அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள். "அந்தக் கைக்குட்டைய எடுத்துட்டு வாங்க. மாப் குச்சியும் வேணும். இந்தத் தடவ நான் சொல்ற மாதிரி கட்டுங்க."

சார் வகுப்பில் காட்டியது அவளுக்கு ஞாபகமிருந்தது. ஹேமக்குக்கு மேலே நீளவாக்கில் முதலில் ஒரு கயிறு. அதன்மேல் தார்ப்பாய், வீட்டுக் கூரைபோல இரண்டு பக்கமும் சரிந்து. காற்று வரும் பக்கத்தைத் தாழ்த்திக் கட்டவேண்டும். மறுபக்கத்தைக் குச்சி கொடுத்துத் தூக்கிவிடலாம்.

"அப்ப ஒரு பக்கம் தொறந்தே கெடக்குமா? லோடுகாரன் பாத்தா சிரிப்பான்."

"லோடுக்கு வெளில பாக்கணும்னு தோணாதுப்பா."

அவர் அவள் சொன்னபடியே கயிற்றைக் கட்டினார். முடிச்சு மட்டும் லாரி முடிச்சு, அதில் அவள் தலையிடவில்லை. கயிறு வீணைத் தந்திபோல விண்ணென்று நின்றது. அவள் படுத்துப் பார்த்தாள். மழை கூரையின் இரு பக்கமும் ஓடி விளிம்பில் சொட்டியது. தூக்கிய பக்கத்தில் ஈரத் தெருவும், தெருவிளக்கும், எதிர்வீட்டுக் கேட்டும் தெரிந்தன.

"எத்தன எட்டுன்னு சொன்ன?"

"பதினஞ்சு."

"என் எட்டா, உங்க சார் எட்டா?"

"சார் குள்ளம்ப்பா."

"பரவால்ல, என் எட்டுலயே ரெண்டு சேத்துப் போடறேன்."

லாரியிலிருந்து குதித்துத் தெருவில் எண்ணிக்கொண்டே நடந்தார். பதினேழில் திரும்பி, விளக்குக்குக் கீழே குடையில்லாமல் நின்றார். "ம், சொல்லு!"

"அப்பா."

"கேட்டுச்சு!"

குரலைக் குறைத்தாள். "அப்பா."

"கேட்டுச்சு!"

"நனையாதீங்க. உள்ள வாங்க."

"அது கேக்கல. வேற ஏதாவது சொல்லு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போனை எடுத்து, சாருக்கு எழுதிவைத்த செய்தியை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். போனை மார்பில் கவிழ்த்துவைத்து, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோலச் சொன்னாள்.

"காய்ச்சல் போயிடுச்சுப்பா."

"உனக்கு எப்ப வந்துது?" என்றது தெருவிளக்கடியிலிருந்து குரல்.