பேனாட்டுக்கு ஓர் இடம்

பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான லாசப்பலில் யார் யாருக்குச் சொந்தம் என்பதைத் தீர்மானிப்பது குணரத்தினம்தான் என்று பக்கத்து மரக்கறிக்கடைக் குலசேகரம் சொல்வதுண்டு. அதில் பாதி நக்கல், பாதி உண்மை. பேர்தொனே தெருவில் இருக்கும் குணரத்தினத்தின் சின்ன அச்சகத்தில்தான் கல்யாண அழைப்பிதழும் அரங்கேற்ற போஸ்டரும் மரண அறிவித்தலும் பிறக்கின்றன. ஒரு பெயரை விட்டால் ஒரு குடும்பம் போச்சு. ஒருமுறை பெரியப்பாவுக்கு மேலே சித்தப்பாவின் பெயர் ஏறிவிட்டதென்று, செத்தவரைத் தனியே விட்டுவிட்டு உயிரோடிருந்தவர்கள் கார் து நோர் ரயில் நிலையம் வரைக்கும் கேட்கும்படி சண்டை பிடித்தார்கள். குணரத்தினம்தான் தேத்தண்ணி கொடுத்து அவர்களை ஆற்றினார். "பேர் எண்டது சின்ன விசயமில்லை, தம்பிமார்" என்று அவர் சொன்னபோது மூலையில் இருந்த அவருடைய மனைவி ஜெகதீஸ்வரி ஒரு முறை இருமினாள்.

அந்த இருமலுக்கு அர்த்தம் இருந்தது. குணரத்தினம் தாமே ஒரு பெயரை விட்டவர். தவறுதலாக அல்ல.

2011 வைகாசியில் அப்பா யாழ்ப்பாணத்தில் இறந்தபோது அறிவித்தலை அவரே தயாரித்தார். பெயர் வரிசை அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. "அன்னார் ஜெகதீஸ்வரியின் அன்பு மாமனாரும், பிரவீணா, யோன் ஆகியோரின் பாசமிகு பாட்டனாரும் ஆவார்" என்று ஓடியது எழுத்து. பிரவீணா அவருடைய மகள். யோன், கனடாவில் இருக்கும் தங்கை சாம்பவியின் மகன். அப்போது ஆறு வயது. ஆனால் சாம்பவியின் கணவன் பேனாட் அந்த வரியில் இல்லை. யோன் தகப்பனே இல்லாமல் நேரே வானத்திலிருந்து குதித்தவன் போல நின்றான்.

பேனாட் குருநகர்க் கத்தோலிக்கர், இவர்கள் சைவர். சாம்பவி வீட்டில் ஒருவரையும் கேளாமல் அவரைக் கட்டிக்கொண்டு போனவள். அப்பா அந்தப் பெயரை விரும்பியிருக்கமாட்டார் என்று குணரத்தினம் எல்லாருக்கும் சொன்னார். அது பொய் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். இறப்பதற்கு மூன்று நாளுக்கு முன் தொலைபேசியில் அப்பா கேட்ட கடைசிக் கேள்வி, "சாம்பவியின்ரை மனிசன் சுகமாய் இருக்கிறாரோ?" என்பதுதான். கோபம் அப்பாவுக்குத் தீர்ந்திருந்தது. தீராதது குணரத்தினத்துக்குத்தான். அந்தக் கேள்வியை அவர் மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை.

அறிவித்தல் வெளிவந்த அன்று சாம்பவி தொலைபேசியில் எடுத்தாள். ஒரே ஒரு வசனம். "அண்ணை, ஒரு பேருக்கு மட்டும் உங்கடை கடையிலை மை முடிஞ்சு போச்சோ?" வைத்துவிட்டாள்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. நம்மவர்களுக்கு ஆண்டுதோறும் நினைவஞ்சலி போட வேண்டும். குணரத்தினம் ஒவ்வொரு வைகாசியும் கணினியில் போன வருடத்து நோட்டீசைத் திறப்பார், "முதலாம் ஆண்டு" என்பதை "இரண்டாம் ஆண்டு" ஆக்குவார், அச்சடிப்பார். பிறகு மூன்று, நான்கு. இப்படி ஒரு விரலைக்கூட உயர்த்தாமல் பதினொரு தடவை தங்கையின் முகத்தில் அறைந்திருக்கிறார். ஒவ்வொரு வருடமும் இந்தமுறை போடுவோம் என்றுதான் உட்காருவார். போட்டால் முந்தினதெல்லாம் பிழை என்று ஊர் முழுக்க ஒட்டினதாகிவிடுமே என்று எழும்பிவிடுவார்.

பன்னிரண்டாவது வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாலை ஏழு மணிக்கு, அதே நோட்டீஸ் கணினித் திரையில் திறந்து கிடந்தது. வெளியே நல்ல வெயில். புறநகர்களான திரான்சியிலிருந்தும் வில்லியே லே பெல்லிலிருந்தும் சாமான் வாங்க வந்த குடும்பங்கள் கறிவேப்பிலையும் பிள்ளைகளுமாகத் தெருவை நிறைத்திருந்தன. ஜெகதீஸ்வரி வந்து நோட்டீசைக் கீழே இறக்கிவிட்டு, அதே திரையில் வேறொன்றைத் திறந்தாள்.

"என்னது?"

"மச்!"

"என்ன மச்?"

"யோன் விளையாடுறான். ஐஸ் ஹொக்கி. கனடா முழுக்க இளம் பெடியளின்ரை சாம்பியன்ஷிப். மாகாணம் மாகாணமாய் வெண்ட கழகங்கள் ஒரு ஊரிலை கூடிப் பத்து நாளாய் விளையாடுதுகள். இண்டைக்குத்தான் கடைசி ஆட்டம்."

"உனக்கு ஆர் சொன்னது?"

"காத்துவாக்கிலை கேள்விப்பட்டன்."

அந்தக் காற்று பன்னிரண்டு வருடமாக வாட்ஸப் வழியாக வீசுகிறது என்பது குணரத்தினத்துக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதில் அவர் தேர்ந்தவர். "சும்மா ஒருக்காப் பாப்பம்" என்று கதிரையை இழுத்தார். பத்து நிமிடத்தில் மூக்கு திரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

குலசேகரம் கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்து சேர்ந்தார். அவருக்கு ஐஸ் என்றால் மீன் வைக்கிற ஐஸ் மட்டும்தான் தெரியும். அதனால் உடனே விளக்கம் சொல்லத் தொடங்கினார்.

"பந்து எங்கை?"

"பந்தில்லை. அந்தக் கறுப்பு வட்டு."

"கருகின ரொட்டி மாதிரிக் கிடக்கு. சரி, உன்ரை மருமோன் எது?"

"கோலி. கோலுக்குக் காவலாய், அந்தப் பெரிய மெத்தையெல்லாம் கட்டிக்கொண்டு நிக்கிறவன்."

"முகத்தைக் காணேல்லையே."

"மூடி போட்டிருக்கு."

"நம்பர் முப்பத்தொண்டு. செத்தவைக்கு அந்தியேட்டி செய்யிற நாளெல்லோ! வேறை நம்பர் கிடைக்கேல்லையாமோ?"

"வாயைக் கழுவும், குலசேகரம்."

அப்போது கோலி திரும்பித் தண்ணீர்ப் போத்தலை எடுத்தான். கமரா முதுகில் போய் நின்றது. இலக்கத்துக்கு மேலே, தோளிலிருந்து தோள் வரைக்கும், வெள்ளை எழுத்தில் அவனுடைய குடும்பப் பெயர்: பேனாட்.

நம்மவர்கள் வெளிநாட்டில் பதியும்போது தகப்பனின் பெயர்தான் பிள்ளைக்குக் குடும்பப் பெயராகிவிடுகிறது. இது குணரத்தினத்துக்குத் தெரியாததல்ல. அவருடைய மகளே பள்ளிக்கூடத்தில் பிரவீணா குணரத்தினம்தான். ஆனால் பன்னிரண்டு வருடமாக ஒரு சின்ன வரியில் இடம் இல்லை என்று தள்ளிவைத்த பெயர், இவ்வளவு பெரிய எழுத்தில், தம்முடைய சொந்தத் திரையில் வந்து நிற்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. வர்ணனையாளர் வேறு விட்டபாடில்லை. ஒவ்வொரு தடுப்புக்கும் பேனாட், பேனாட் என்று கத்தினார்.

"பேனாட் எண்டால் ஆர்?" என்றார் குலசேகரம்.

ஜெகதீஸ்வரி இருமவில்லை. கணவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தகப்பன்" என்றார் குணரத்தினம், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஆட்டம் இருபது நிமிடமாக மூன்று பகுதி. யோன் ஒரு பூனையைப் போல விழுந்து எழும்பினான். விளையாட்டுக்காரர்கள் நிமிடத்துக்கொரு தடவை பெஞ்சுக்கு ஓடினார்கள், வேறு ஆட்கள் குதித்து வந்தார்கள். பஸ்ஸில் ஏறி இறங்குகிற மாதிரி இருக்கிறதே என்று குலசேகரம் வியந்தார். கோலி மட்டும் இடம் மாறவில்லை. கடைசிப் பகுதியில் இரண்டுக்கு இரண்டு என்று நின்றபோது, வட்டு யோனின் கால்களுக்கு நடுவே புகுந்து போய்விட்டது. மூன்றுக்கு இரண்டு.

"கவனமில்லை" என்றார் குலசேகரம்.

"நீர் போய் நில்லும் பாப்பம். முதல் அடியிலை உம்மை லரிபுவசியேர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகவேணும்."

இன்னும் ஒரு நிமிடமும் நாற்பது விநாடியும் இருந்தன. அப்போதுதான் அது நடந்தது. யோன் கோலை விட்டு வெளியே வந்தான். வந்தது மட்டுமல்ல, தலையைக் குனிந்துகொண்டு பெஞ்சை நோக்கி முழு வேகத்தில் சறுக்கிக்கொண்டு போனான். கதவுக்குள் மறைந்தான். கோலில் ஒருவரும் இல்லை.

"வெளியாலை கலைச்சுப் போட்டாங்கள்!" குலசேகரம் எழும்பிவிட்டார். "அந்த மூண்டாவது கோலுக்குத்தான். வேறை கோலிகூட விடேல்லை. உன்ரை மருமோன் நிக்கிறதிலும் பாக்க ஒருத்தரும் நிக்காமல் விடுறது நல்லம் எண்டு நினைச்சுப்போட்டாங்கள்!"

குணரத்தினத்துக்குக் காது சூடேறியது. "ஒரு பிழை விட்டதுக்கோ?" என்றார். "இவ்வளவு நேரமும் நிண்டு தடுத்த பெடியன். ஒரு பிழைக்கு ஒருத்தனை இல்லையெண்டே ஆக்கிப்போடுவாங்களோ? என்ன மனிசர் இவங்கள்?"

சொன்னதைத் தம்முடைய காதாலேயே கேட்டார் குணரத்தினம். ஜெகதீஸ்வரி தன் தொலைபேசியை நீட்டினாள். அதில் மணி ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தது.

"மச்சாள், பிறகு எடுங்கோ, இப்ப..." சாம்பவியின் குரல். பின்னால் ஆயிரக்கணக்கானவர்களின் இரைச்சல்.

"நான்தான்."

அவள் வைத்துவிடுமுன் அவர் முந்திக்கொண்டார்.

"பெடியனை ஏன் வெளியாலை எடுத்தவங்கள்?" என்றார் குணரத்தினம். "ஆர் எடுத்தது? கோச்சோ? அவன்ரை பேர் என்ன?"

சாம்பவி சிரிக்கத் தொடங்கினாள். அது சிரிப்புத்தானா என்று அவருக்கு நிச்சயமில்லை. "பன்னிரண்டு வருசத்துக்குப் பிறகு இதைக் கேக்கவோ எடுத்தனீங்கள், அண்ணை?"

"கேட்டதுக்கு மறுமொழி சொல்லு."

"ஒருத்தரும் கலைக்கேல்லை. ஒரு கோல் பின்னாலை நிண்டால் கடைசியிலை இப்பிடித்தான் செய்யிறது. கோலியை எடுத்திட்டு, அடிக்கிறதுக்கு ஒராளைக் கூடுதலாய் இறக்கிறது."

"அப்ப கோல் திறந்து கிடக்குமே."

"கிடக்கும்."

"அவங்கள் அடிச்சால்?"

"அடிச்சால் தோப்பம். காத்துக்கொண்டு நிண்டாலும் தோப்பம்தானே, அண்ணை."

தொலைபேசிக்குள் அந்தப் பெரிய இரைச்சல் ஒருமுறை உச்சத்துக்கு ஏறி, ஒரேயடியாக விழுந்தது.

"போச்சு" என்றாள் சாம்பவி மெதுவாக.

அவர் திரையைப் பார்த்தார். அங்கே யோனின் அணி இன்னும் முன்னேறிக்கொண்டிருந்தது. இணையத்தில் வருகிற படம் அரை நிமிடம், முக்கால் நிமிடம் பிந்தி வரும் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. குலசேகரம் "அடி, அடி!" என்று மேசையில் தட்டிக்கொண்டிருந்தார். கடையில் எல்லாருக்கும் இன்னும் நம்பிக்கை இருந்தது.

"இஞ்சை இன்னும் விழேல்லை" என்றார் குணரத்தினம்.

"அப்ப கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டிருங்கோ."

அந்தக் கொஞ்ச நேரத்தை அவர் பார்ப்பதில் செலவழிக்கவில்லை. "பேனாட் பக்கத்திலை நிக்கிறாரோ?" என்று கேட்டார். "குடு."

கை மாறுகிற சத்தம் கேட்டது. "சொல்லுங்கோ, மச்சான்" என்றது ஓர் ஆண் குரல். கோபமும் இல்லை, குழைவும் இல்லை.

நாள் முழுக்கப் 'பாசமிகு', 'ஆழ்ந்த', 'ஈடுசெய்ய முடியாத' என்று அடுத்தவர்களுக்காக எழுதிக் குவிக்கிறவருக்குத் தம்முடைய தேவைக்கு ஒரு சொல்கூடக் கையிருப்பில் இல்லை. குரலைத் தாழ்த்தி, சுவர்ப் பக்கம் திரும்பி, இருந்ததைச் சொன்னார். "அப்பா கடைசியாய் உம்மைத்தான் விசாரிச்சவர்."

"என்ன? கேக்கேல்லை, மச்சான். இஞ்சை சரியான சத்தம்."

"அப்பா கடைசியாய்..."

"இன்னும் உரத்து!"

குணரத்தினம் கண்ணை மூடிக்கொண்டார். "அப்பா சாகமுன்னம் கடைசியாய் உம்மைத்தான் சுகமோ எண்டு கேட்டவர்!" என்று கத்தினார். "நான்தான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை! அவர் உம்மை விடேல்லை, நான்தான் விட்டனான்!"

அச்சகம் முழுக்கக் கேட்டது. வாசலில் நின்ற ஒரு பெண் வெண்டிக்காய்ப் பையோடு திரும்பிப் பார்த்தாள். ஜெகதீஸ்வரி கையை வாயில் வைத்துக்கொண்டாள். அதே நேரம் திரையில் எதிரணிக்காரன் ஒருவன் பாதி மைதானத்துக்கு அப்பாலிருந்து வட்டைத் தட்டிவிட்டான். அது ஒருவரும் தடுக்காமல், அவசரமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்து கோலுக்குள் போனது. திரையைப் பார்ப்பதா குணரத்தினத்தைப் பார்ப்பதா என்று தெரியாமல் குலசேகரம் "ஐயோ" என்றார். எதற்குச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது.

தொலைபேசியில் பேனாட் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"பெடியன் வெளியாலை வரப்போறான்" என்றார். "அழுதுகொண்டுதான் வருவான். நான் போகவேணும். நாளைக்கு எடுங்கோ, மச்சான்."

"எடுப்பன்."

"நில்லுங்கோ. இவள் ஏதோ கேக்கிறாள்... மை வந்திட்டுதோ எண்டு கேக்கிறாள்."

திரையில் ஆட்டம் முடிந்திருந்தது. தோற்ற அணிக்காரர்கள் வரிசையாக வந்து, ஒவ்வொருவராக, யோனின் தலைமூடியில் தம்முடைய தலையை முட்டினார்கள். கோலை விட்டுப் போனவனைத்தான் எல்லாரும் முதலில் கட்டிப்பிடித்தார்கள். குணரத்தினம் கடைசி ஆள் வரைக்கும் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தை மூடினார். அடியில் அப்பாவின் நோட்டீஸ் அப்படியே கிடந்தது.

பதினொன்றைப் பன்னிரண்டாக்கினார். பிறகு "ஜெகதீஸ்வரியின்" என்பதை அழித்து, "ஜெகதீஸ்வரி, பேனாட் ஆகியோரின்" என்று எழுதினார். ஒரு பெயர்தான். ஆனால் வரி முறிந்து கீழே இறங்கியது. கீழிருந்த வரி அதற்குக் கீழே தள்ளுப்பட்டது. கடைசியில் "தகவல்: குடும்பத்தினர்" என்பது சட்டத்துக்கு வெளியே போய் விழுந்தது.

"எழுத்தைச் சின்னனாக்குங்கோவன்" என்றாள் ஜெகதீஸ்வரி, பின்னால் நின்று.

"எழுத்தைச் சின்னனாக்கக்கூடாது."

ஒரு பக்கம் அப்பாவின் படம். மறுபக்கம், பன்னிரண்டு வருடமாக, யாருக்கு இறுதிக் கிரியை என்றாலும் அவர் போடுகிற அதே குத்துவிளக்கு. குணரத்தினம் கொஞ்ச நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குத்துவிளக்கைப் பிடித்து அரைவாசியாகச் சுருக்கினார். எல்லாரும் உள்ளே வந்தார்கள்.

"கன பிரதி அடி" என்றார் குலசேகரம் வாசலிலிருந்து. "என்ரை கடைக் கண்ணாடியிலையும் ஒண்டு ஒட்டுறன். அது கிடக்க, அந்தக் கோச்சைக் கடைசிவரைக்கும் நான் நம்பமாட்டன்."