வெறும் வண்டிக்கு எந்த வில்லு

1

இந்தக் கதை எனக்கு ஒரு கேள்வியிலிருந்து கிடைத்தது. லக்கல பாதையில் எதிரே வந்த லொறிக்காரர் எங்கள் ஜீப்பை நிறுத்தி, "லோடா தம்பி?" என்றார். "இல்லண்ணே, வெறும் வண்டி" என்றான் டிரைவர் நிமலன். பின்னால் மிளகுக் காணிக்கு வேலைக்குப் போகிற நாங்கள் ஏழு பேர் உட்கார்ந்திருந்தோம்.

(எங்கள் பக்கத்தில் சாமான் ஏறாத வண்டியெல்லாம் வெறும் வண்டிதான். யாரும் தப்பாக எடுப்பதில்லை. அன்றைக்கு நானும் எடுக்கவில்லை. எழுத உட்கார்ந்தபோதுதான் அந்தச் சொல் கொஞ்சம் இடித்தது.)

2

முதல் தொடக்கம்: மழை விட்டுவிட்டுப் பெய்த ஒரு பின்னேரம், மலைகள் முக்காடு போட்டுக்கொண்டு

வேண்டாம். மலை அதுபாட்டுக்கு இருக்கட்டும்.

இரண்டாவது தொடக்கம்: ஓடையைக் கடக்கையில் ஜீப்பின் பின்பக்க வில்லு முறிந்தது. இது போதும். வில்லு என்பது வண்டியின் பாரத்தைச் சக்கரத்துக்கு மேலே தாங்கிக்கொள்ள, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புப் பட்டைகள். பட்டை தடித்தால் பாரம் தாங்கும், மெலிந்தால் மெத்தென்று ஓடும். இரண்டையும் ஒரே வில்லில் கேட்கக்கூடாது.

ஜீப் யட்டவத்த மிளகு வியாபாரி நளீம் முதலாளியுடையது. காலையில் அவருடைய காணிக்கு ஆட்களை ஏற்றிப்போகும். பின்னேரம் மிளகு மூட்டைகளை இறக்கிவரும். "மாத்தளைக்குப் போய் நல்ல செட்டா மாத்திட்டு வா" என்றார் அவர். முறிந்த இடத்தில் கட்டையை வைத்துக் கயிற்றால் இறுக்கி, நிமலன் வண்டியை நொண்ட நொண்ட ஓட்டிப்போனான்.

இனிக் கதையை அவன் பக்கத்திலிருந்தே சொல்கிறேன். ஸ்டியரிங் அவன் கையில்தானே இருக்கிறது.

3

வேலம்மாவைக் கதைக்குள் விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். நிமலனின் அக்கா. காணியில் உட்கார்ந்து கொத்திலிருந்து மிளகு உதிர்ப்பவள். முதுகெலும்பில் ஒரு தட்டு விலகியிருக்கிறது. விட்டால் நீங்கள் இரக்கப்பட்டே கதையைக் கெடுத்துவிடுவீர்கள் என்று பயம். ஆனால் அவள் இரக்கப்பட விடுகிற ஆளில்லை. அன்றைக்கு மாத்தளையில் கிளினிக் முடிந்து, தம்பி நின்ற வண்டிச் சாமான் கடைக்கே நடந்து வந்தாள்.

"டொக்டர் என்னக்கா சொன்னாரு?"

"குலுங்கக்கூடாதாம்டா. குலுங்கினா காலு மரத்துப் போயிருமாம். அப்ப ஹெலிகொப்டர் எழுதிக் குடுங்கன்னேன்."

"அதுக்கு?"

"அடுத்த ஆளக் கூப்பிட்டாரு."

வேலை செய்ய அவளை முதுகு விடுகிறது. வேலைக்குப் போகத்தான் விடுவதில்லை. காணிக்கு பஸ் கிடையாது. ஜீப்பில் ஏற முடியாவிட்டால் வேலையும் இல்லை. இந்தக் கதையில் ஆபத்து இவ்வளவுதான். [பெரிதாக்கிக் காட்ட ஒரு வரி எழுதி வெட்டிவிட்டேன்.]

4

கடைக்காரர் றிஷாத் இரண்டு செட்டை நிலத்தில் இழுத்துப் போட்டார்.

"வண்டி வெறுமன ஓடுறது கூடவா, பாரத்தோட ஓடுறது கூடவா?"

"சரிபாதி நாநா. காலையில வெறும் வண்டி."

"அப்ப ஆளுங்க எதுல போறாங்க?"

"அதுலதான்."

"அப்ப எப்பிடி அது வெறும் வண்டி?"

நிமலன் அக்காவைப் பார்த்தான்.

"நாங்க சாக்கு இல்லையே தம்பி" என்றாள் வேலம்மா கடைக்காரரிடம். "சாக்கா இருந்தா மொதலாளி நிறுத்துப் பாத்திருப்பாரு."

றிஷாத் சிரித்துவிட்டுத் தடித்த செட்டைக் காலால் தட்டினார். "இது மூட்டைக்கு வளையும். ஏழு பேருக்கு வளையாது, துள்ளும். மத்தது மெத்தை மாதிரி. ஆனா மிளகு சீசன்ல அந்த ஓடையிலயே முறியும்."

"தடிச்சதப் போட்டு, காலையில மணல் மூட்டைய அடியில போட்டுக்கிட்டா?" என்றான் நிமலன்.

"துள்ளாது. ஆனா மூணு பேரோட எடத்த மணல் புடிச்சிக்கும்."

"அந்த மூணு பேருல மொதப் பேரு என்னோடது" என்றாள் வேலம்மா. "ரெண்டு பேரத் தேடிக்க."

நிமலன் முதலாளிக்குப் போன் போட்டான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "ஓட்டுறவன் நீ. நீயே பாத்து எடு. திரும்ப முறிஞ்சா சாவிய மேசையில வெச்சிட்டுப் போயிரு."

5

முடிவு ஒன்று: மெலிந்த செட். வேலம்மா முதுகு நோகாமல் வேலைக்குப் போகிறாள், மிளகு சீசன் வரைக்கும். பிறகு சாவி மேசைக்குப் போகிறது.

முடிவு இரண்டு: தடித்த செட். நிமலனுக்கு வேலை நிலைக்கிறது. காலையில் அவன் ஹோர்ன் அடிக்கும்போது அக்கா...

முடிவு மூன்று, மணல். மணலுக்கு இடம் கொடுத்து வீட்டில் நிற்பவர்களின் பெயரை நான் எழுதமாட்டேன்.

முதலாளி இதை நிமலன் தலையில் கட்டினார். நிமலன் என் தலையில் கட்டப் பார்க்கிறான். நாளைக் காலையில் அதே ஜீப்பில் ஏறப்போகிறவன் நான். மெலிந்ததை எழுதினால் என் முதுகுக்காக எழுதினேன் என்பீர்கள். தடித்ததை எழுதினால் வேலம்மாவுக்குப் பக்கத்தில் எப்படிப் போய் உட்காருவேன்?

ஆகவே உங்களிடம் விடுகிறேன். ஜீப் ஜாக்கியில் நிற்கிறது. வேலம்மா பிளேன்டீயை ஊதி ஊதிக் குடிக்கிறாள். தம்பியின் பக்கம் திரும்பவேயில்லை, திரும்பினால் அவன் பதிலை அவள் சொன்னதாக ஆகிவிடும். நிமலன் ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு செட்டுக்கும் நடுவில் குந்தியிருக்கிறான்.

ஆறுதலாக யோசியுங்கள் என்று சொல்ல வழியில்லை. பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னால் றிஷாத் கடைக் கதவை இழுத்துவிடுவார். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் யாரோ தொண்டையைக் கனைக்கிறார்.