இருபது மணி நேரப் பொறுமை

தொண்டு தொடங்குவதற்கு நாலு நாள் முன்பே, தொண்டால் மகள் அடைந்த நன்மைகளை அம்மா எழுதி முடித்துவிட்டாள். 'பொறுமையைக் கற்றேன், பிறர் வலியை உணர்ந்தேன்' என்று இரண்டு பக்கம். படித்துப் பார்த்து அவளுக்கே கண் கலங்கிவிட்டது என்றால் பாருங்களேன்! இனி வேண்டியது ஒரே ஒரு கையெழுத்து. மகள் இருபது மணி நேரம் தொண்டு செய்தாள் என்று திங்கட்கிழமைக்குள் காட்டினால்தான் அம்மா குறிவைத்திருந்த கல்லூரியில் இடம்.

கையெழுத்துப் போட வேண்டியவள் ஒரு டெலிபோன் ஆபரேட்டர். ஐந்து வருஷத்துக்கு முன்னால் பார்வை போய்விட்டது. நல்ல வேளையாக வேலை போகவில்லை. துப்பறியும் கதை என்றால் உயிர். மாணவர்கள் வீட்டுக்கு வந்து படித்துக் காட்டுவார்கள் என்று ஒரு சங்கம் ஏற்பாடு செய்திருந்தது. படிக்க வேண்டிய, ஆபரேட்டரின் சொந்தப் புத்தகத்தை ஒரு வாரம் முன்பே மகளிடம் கொடுத்தனுப்பியிருந்தார்கள். அது டி.வி. ரிமோட்டுக்கு அடியில் சும்மா கிடந்தது.

சனிக்கிழமை வந்து மகள் நாற்பது நிமிஷம் படித்தாள். கதையில் முதலாளி மாடிப்படியில் உருண்டு செத்தார். உடனே ஒரு செல்ஃபி. அப்புறம் படிவத்தை நீட்டினாள்.

"இருபது மணி நேரமா? இன்னைக்குத்தானே கண்ணு வந்தே?" என்றாள் ஆபரேட்டர்.

"மிச்சத்தை வீட்டுலயே படிச்சு முடிச்சிட்டேங்க்கா. அதுவும் கணக்குல சேரும்னு அம்மா சொன்னாங்க."

"முழுசாவா? அப்ப முதலாளியைத் தள்ளிவிட்டது யாருன்னு சொல்லு, போட்டுடறேன். ரெண்டு வருஷமா மண்டை காயுது."

"டி... டிரைவர்க்கா!"

"அடடே!"

தெருவில் ஹாரன் அலறி ஓய்ந்தது. கீழே காத்திருந்த அம்மாவே மூச்சிரைக்க மாடியேறி வந்துவிட்டாள்.

"இன்னுமா ஆகல? ஒரு வாரமா இவளுக்கு இதே புத்தகந்தாங்க. கதை பூரா எனக்கே ஒப்பிச்சிட்டா!"

"அப்படியா? தள்ளினது யாருங்க?"

அம்மா திருதிருவென்று விழித்தாள். நாற்காலிக்குப் பின்னால் நின்ற மகள் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை வளைத்து வளைத்துக் காட்டினாள். அம்மாவுக்கு அது அண்டாவில் கிண்டுவதாகப் பட்டது.

"சமையல்காரன்!"

ஆபரேட்டர் சிரிக்கவில்லை. மேஜை இழுப்பறையிலிருந்து கிழிந்த தாள்களை எடுத்து வைத்தாள்.

"கடைசி இருபது பக்கம். கிழிச்சது நான்தான். நிஜமா படிச்ச பிள்ளைன்னா 'முடிவைக் காணோமே அக்கா'ன்னு கேக்கும்ல? அந்தப் பிள்ளை வாயால முழுக் கதையும் கேக்கணும்னு எனக்கு ஒரு ஆசை. இவளோட பதினோரு பேர் வந்தாச்சு. எனக்குக் கிடைச்சது பன்னிரண்டு கொலைகாரங்க."

படிவத்தை வாங்கித் தடவி, கோணல்மாணலாகப் பெரிய எழுத்தில் எழுதினாள்: நாற்பது நிமிஷம். அதற்குக் கீழே கையெழுத்து.

பொறுமையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிய அம்மா படி அதிர இறங்கினாள். பின்னாலேயே வந்த மகள் பாதிப் படியில் நின்றாள்.

"அம்மா, நிஜமாவே யாருதான் தள்ளியிருப்பாங்க?"

"எவன் தள்ளினா நமக்கென்னடி! உன் சீட்டு போச்சே!"