ஊஞ்சலின் மேல்குழாய்

ஓவர்சியர் ராசாங்கம் சுத்தியலால் ஊஞ்சலின் காலைத் தட்டினார். கணீரென்றது. இன்னொரு காலில் அடியில் மட்டும் கொஞ்சம் துரு. வெல்டிங் வைத்தால் நிற்கும். மேல்குழாயைத்தான் தட்ட முடியவில்லை. சங்கிலி மாட்டிய கொக்கிகளைத் தவிரக் குழாயே கண்ணில் படவில்லை. இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மஞ்சள் துணியும் புடவைக் கிழிசலுமாகச் சுற்றிக் கட்டியிருந்தது. ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு சின்ன மரத்தொட்டில் தொங்கியது.

குழந்தைகள் ஆண்டு என்று அரசாங்கம் அறிவித்திருந்ததில் அரியலூர்ப் பூங்காவுக்கும் அதிர்ஷ்டம் அடித்திருந்தது. சறுக்குமரம் புதிதாக வருகிறது. பழைய தகட்டில் டவுசரைக் கிழித்துக்கொள்ளாத பிள்ளை ஊரில் கிடையாது. ஊஞ்சல்தான் இழுபறி. மேல்குழாய் நன்றாக இருந்தால் பெயிண்ட் அடித்துவிடலாம், இல்லையென்றால் மொத்தமாகப் பிடுங்கிப் புதிது போடலாம், பார்த்துச் சொல்லுங்கள் என்று அதிகாரி ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். பார்ப்பதற்கு முடிச்சை அவிழ்க்க வேண்டும் என்பது ஜீப்பில் போகிறவருக்கு எப்படித் தெரியும்?

முதலில் தொட்டில்கள் பூங்கா மூலையில் நின்ற வேப்பமரத்தில்தான் தொங்கின. எழுபத்தேழு புயலில் மரம் சாய்ந்தது. பிள்ளைவரம் கேட்கிற பெண்கள் கொஞ்ச நாள் திகைத்து நின்றுவிட்டு, பக்கத்திலிருந்த ஊஞ்சலுக்கு மாறிக்கொண்டார்கள். சாமியும் ஆட்சேபம் சொல்லவில்லை. கட்டியவள் கையால்தான் அவிழ்க்க வேண்டும், அதுவும் பிள்ளை பிறந்த பிறகு. வேறு கை பட்டால் வேண்டுதல் கெட்டுப்போகும்.

"மரத்துல காத்தடிச்சாத்தான் சார் ஆடும்," என்றாள் வாசலில் வேர்க்கடலை விற்கும் சின்னப்பிள்ளை. "இங்க புள்ளைங்களே வந்து ஆட்டிவுடுதுங்க. இதவுட என்ன வேணும்?"

ராசாங்கத்துக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. நம்பிக்கை இல்லாதவருக்கு முடிச்சில் கை வைக்கப் பயமும் இருக்கக் கூடாது. ஆனால் இருந்தது. ஏணி போட்டு ஏறித் துணிக்கு மேலாகவே தட்டிப் பார்த்தார். பொத்தென்றது. துணியின் சத்தமா, உள்ளே இரும்பே போய்விட்டதா என்று சொல்ல முடியவில்லை. இறங்கப் போனவர் கண்ணில், ஓரத்து முடிச்சிலிருந்த ஊதாத் துணி பட்டது. ஊதாவில் வெள்ளைப் புள்ளி. தலை தீபாவளிக்குக் கும்பகோணம் போய் அவரே எடுத்துவந்த புடவை. அது அடுப்பில் பட்டுக் கருகிவிட்டது என்று மனைவி மலர்க்கொடி சொல்லியிருந்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷமாகிறது. கோபம் வரவில்லை. இவ்வளவு உயரத்துக்கு ஏறினாளே, யார் ஏணி பிடித்திருப்பார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு பாவமாக இருந்தது.

மத்தியானம் சாப்பிட வந்தவர் சோற்றைப் பிசைந்தபடி ஊஞ்சல் சமாச்சாரத்தைச் சொன்னார். ஊதாத் துணியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

"பெயிண்ட் அடிச்சுட்டுப் போக வேண்டியதுதானே?" என்றாள் மலர்க்கொடி.

"அடிக்கலாம். புள்ளைங்க ஆடிக்கிட்டிருக்கறப்ப முறிஞ்சு வுழுந்தா?"

அவள் மோர் ஊற்றினாள். போதும் என்று அவர் கை காட்டிய பிறகும் ஊற்றினாள்.

"அவுக்காமப் பாக்க முடியாதா?"

"முடியாது. ஒரு எடத்துல பிரிச்சாப் போதும், தெரிஞ்சுடும். யாரக் கேக்கறது? யாருக்கு மனசு வரும்?"

சொல்லும்போது அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை. அவளைத்தான் கேட்கிறோம் என்பது அவருக்கே தெரிந்திருந்தது. வெட்கமாகவும் இருந்தது. கை கழுவிவிட்டு ஆபீசுக்குப் போனார்.

சாயங்காலம் அவர் பூங்காவுக்கு வந்தபோது மலர்க்கொடி ஊஞ்சலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகளை இறக்கிவிட்டிருந்தாள். சின்னப்பிள்ளையும் இன்னும் சில பெண்களும் தள்ளி நின்றார்கள்.

"ஏம்மா, இன்னும் ஒண்ணும் ஆவலியே. அவுக்கலாமா?" என்றாள் சின்னப்பிள்ளை.

மலர்க்கொடி புருஷனைப் பார்த்து, "ஏணிய நல்லாப் புடிங்க. போன தடவ ஆடிக்கிட்டே இருந்துச்சு," என்றாள்.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். மழையிலும் வெயிலிலும் முடிச்சு கல்லாகிப் போயிருந்தது. நகத்தால் நெம்பிப் பார்த்துவிட்டுப் பல்லால் கடித்து இழுத்தாள். ராசாங்கம் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்தார். துணி சுற்றுச் சுற்றாகப் பிரியப் பிரியச் சிவப்பாகத் துருத்தூள் அவர் முகத்தில் உதிர்ந்தது. துடைக்கக் கையை எடுக்கவில்லை.

"என்ன தெரியுது?"

அவள் கட்டைவிரலைக் குழாயின்மேல் வைத்து அழுத்தினாள். விரல் உள்ளே போய்விட்டது. அது அவருக்குக் கீழிருந்தே தெரிந்தது. ஒரு முடிச்சுக்கு அடியில் இப்படியென்றால் மற்றதைப் பார்க்கவே வேண்டாம். புது ஊஞ்சல்தான். அத்தனை முடிச்சையும் அவிழ்த்தாக வேண்டும்.

மலர்க்கொடி தன் தொட்டிலைக் கீழே நீட்டினாள். அவர் ஒரு கையால் வாங்கினார். அதில் கனமே இல்லை. அவள் இறங்கவில்லை. முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு பெண்கள் பக்கம் திரும்பினாள்.

"பக்கத்துல இருக்கறது யாருது, அக்கா?"

சின்னப்பிள்ளை குனிந்து தன் கடலைக்கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே குழாய் அசைந்ததில் மற்ற தொட்டில்கள் எல்லாம் ஆடிக்கொண்டிருந்தன.