மாப்பிள்ளை ஒத்துக்கல

டாக்டர் வாயால் சொன்னால் போதும், கம்ப்யூட்டரே புரிந்துகொண்டு கட்டம் கட்டமாக நிரப்பிவிடும் என்று சொல்லித்தான் அந்த மென்பொருளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். குடலிறக்கத்தோடு வந்து சேர்ந்திருந்த பெரியவரைப் பார்த்துவிட்டு டாக்டர் மைக்கில் சொன்னார்: "ஆபரேஷன் அவசியம். மாப்பிள்ளை ஒத்துக்கல."

கம்ப்யூட்டர் புரிந்துகொண்டது. ஒவ்வாமைக் கட்டத்தில் 'மாப்பிள்ளை' என்று போட்டுச் சிவப்படித்தது.

வார்டு சிஸ்டர் எவ்வளவு தட்டியும் அடுத்த பக்கம் போகவில்லை. என்ன மாதிரி ஒவ்வாமை என்று கேட்டு நின்றது. தடிப்பா, வாந்தியா, மூச்சுத்திணறலா? வேறு வழியில்லாமல் பெரியவரிடமே கேட்டாள்.

"மூச்சுத்திணறல்னு போடும்மா. பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டார்."

"தீவிரமா, மிதமா?"

"நேர்ல மிதம். போன்ல தீவிரம்."

சாயங்காலம் பழப்பையோடு வந்த மாப்பிள்ளையை அவள் வாசலிலேயே மறித்தாள். சிவப்பில் இருப்பது எதுவும் கட்டிலை நெருங்கக் கூடாது என்பது விதி. திரையைப் பார்த்த மனிதருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு அதை அழிக்கப் பார்த்தார். சோதனை முடிவு இல்லாமல் ஒவ்வாமையை நீக்க முடியாது என்றது திரை.

"அப்ப சோதிச்சிடுங்க சிஸ்டர்," என்றார் டாக்டர்.

கட்டிலருகே நாற்காலி போட்டு மாப்பிள்ளையை உட்காரவைத்தாள். பெரியவரின் நாடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்கே மாமாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை. அந்த மௌனம்தான் பெரியவருக்குத் தாங்கவில்லை.

"என்ன மாப்பிள்ளை, பேசுங்க. ஆபரேஷன் ஏன் வேணாம்ங்கிறீங்க?"

மாப்பிள்ளை பழப்பையின் காதைத் திருகினார். "எங்கப்பாவையும் இப்படித்தான் மாமா, சின்ன ஆபரேஷன்னு சொல்லி உள்ள கூட்டிட்டுப் போனாங்க."

பெரியவருக்கு இது புதுச் செய்தி. கல்யாணத்தின்போது சம்பந்தி இல்லை என்றுதான் தெரியும், எப்படி இல்லாமல் போனார் என்று கேட்டதில்லை. சிஸ்டர் பிடித்திருந்த கையை மெல்ல உருவி, மாப்பிள்ளையின் முழங்காலில் வைத்தார்.

"நீங்க வாசல்லயே நில்லுங்க. நான் வந்துடுவேன்."

மாப்பிள்ளை தலையாட்டினார். பேனா கேட்டார். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

சிஸ்டர் திரைக்குத் திரும்பினாள். சோதனையின்போது நாடி கூடியதா? கண்ணில் நீர் வந்ததா? கேள்விகள் காத்திருந்தன. பெரியவர் கண்ணைத் துடைப்பதைப் பார்த்தபடியே இரண்டுக்கும் 'இல்லை' என்று தட்டினாள். சிவப்பு போய்விட்டது.