இரண்டாவது வரிசையில் விழுந்த பேச்சு

தையல் ஆலையின் பாதுகாப்பு அதிகாரி பேசும் வார்த்தைகள் மூன்றாவது வரிசைக்குப் போவதில்லை. இரண்டாவது வரிசையின் காலடியிலேயே தொப்பென்று விழுந்துவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவை பின்சுவர் வரை போய்க்கொண்டிருந்தன. பிறகு எட்டு வரிசை, ஐந்து, இரண்டு. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துத் தொண்டையில் குறையில்லை என்று எழுதிக் கொடுத்தார். மைக் வைத்தார்கள், வார்த்தைகள் அதே இடத்தில் சத்தமாக விழுந்தன. திரையில் படம் போட்டார்கள். தொழிலாளிகள் படத்தை மட்டும் பார்த்தார்கள். "முன்னெச்சரிக்கை நடவடிக்கைகள்" ஒருமுறை முன்வரிசைப் பெண்ணின் கட்டைவிரலில் விழுந்து நகம் கறுத்தது. கூட்டம் முடிந்ததும் கூட்டும் அம்மா வந்து, "இன்னைக்கு ரெண்டு கூடை சார்" என்று அள்ளிப் போவார்.

அதிகாரி சொல்ல வந்ததோ ஒரே விஷயம். பின்கதவை அட்டைப்பெட்டிகள் அடைத்திருந்தன. தீப்பிடித்தால் பதினோராம் வரிசைக்கு வேறு வழியில்லை. பதினோராம் வரிசையில் காலர் தைப்பவள் அவருடைய தங்கை. வீட்டில் சொல்லிப் பார்த்தார். "அண்ணே, தட்டுல விழுது, தள்ளி நின்னு பேசு" என்றாள். மேனேஜரிடம் போனார். "பேச்சைக் கேட்டோம்னு எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கிட்டீங்கல்ல? அப்புறம் என்ன சார்?" என்றார் மேனேஜர். உண்மைதான், கையெழுத்து பாக்கியில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் அதிகாரி வாயைத் திறந்தார். பதினோராம் வரிசையில் தங்கை போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். வாயை மூடினார். நேராக அவளிடம் போய், கைக்குட்டையால் தன் கண்ணைக் கட்டிக்கொண்டு, அவள் மணிக்கட்டைப் பிடித்து, புகைக்குள் போகிறவர்போல் முழங்காலிட்டு, ஒரு கையை ஊன்றிப் பின்கதவை நோக்கித் தவழ்ந்தார்.

"ஐயோ அண்ணே, மானம் போகுது, எந்திரி!"

ஆலையின் நானூற்றுப் பதினாறு பேரில் தங்கை தவிர எல்லாரும் போனைத் தூக்கிப் படமெடுத்தார்கள். பெட்டிச் சுவர் வந்தது. அதிகாரி தலையால் முட்டினார். சிரித்தார்கள். மறுபடி முட்டினார். நான்காவது முட்டு வரை சிரிப்பு இருந்தது, ஐந்தாவதற்கு இல்லை. அவர் நிறுத்தவில்லை. தங்கைதான் முதல் பெட்டியைத் தூக்கினாள். அப்புறம் பதினோராம் வரிசை, பத்தாவது, கட்டைவிரல் கறுத்தவள் வரை எல்லாரும்.

மேனேஜர் ஓடிவந்தார். "யாரு சொல்லி எடுக்குறீங்க?"

"யாரும் ஒண்ணும் சொல்லல சார்" என்றாள் தங்கை.

பதினான்கு மாதம் கழித்து, மின்கம்பி உரசி, முன்வாசல் பக்கமிருந்து ஆலை எரிந்தது. ஏழு நிமிடத்தில் எல்லாரும் பின்கதவு வழியே தவழ்ந்து வெளியே வந்தார்கள். அதிகாரி பின்வாசலில் நின்று எண்ணினார். மூன்று முறை எண்ணினார். "நானூற்றுப் பதினாறு" என்றார். அது வழக்கம்போல் மண்ணில் விழுந்தது. தங்கை குனிந்து எடுத்து, சாம்பலை ஊதி, அண்ணனின் சட்டைப்பையில் போட்டாள். நல்ல கனம். பை ஒரு பக்கமாகத் தொங்கியது.